அணைக்கிறதுக்கு எத்தனை இங்கிலீஷ்

தீயை அணைப்பதற்கு இங்கிலீஷில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று யாராவது கேட்டால் இப்போதும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். புட் அவுட், புளோ அவுட், ஸ்டாம்ப் அவுட், க்வென்ச், டௌஸ், ஸ்மதர், எக்ஸ்டிங்குவிஷ். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். வேறு இங்கிலீஷ் எனக்கு வராது. இந்தச் சொற்களை மட்டும் ஒருவர் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால்தான் அந்த மனிதரை என்னால் ஒரேயடியாக வெறுத்துவிட முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

அவர் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். நான் அவருக்குக் கீழே ரீவைண்டர். பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், முசரவாக்கம் போகும் சாலையை ஒட்டி, கீற்று வேய்ந்த கொட்டகை அது. ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவதும், அறுந்த பிலிமை ஒட்டுவதும் என் வேலை. வீட்டில் அப்பாவுக்குத் தறி. அறுந்த பட்டு இழையை முடிந்து பழகிய விரல்களுக்குப் பிலிம் ஒட்டுவது பெரிய காரியமாக இல்லை. தறி வேண்டாம், இதுதான் நிரந்தரம் என்று எப்போது முடிவு செய்தேன் என்பது நினைவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்று நினைக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே நான் பயந்தவன். கதவைத் தாழிட்டோமா என்று எழுந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் படுத்தால், பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று தோன்றும். அப்படிப்பட்டவனுக்குப் படம் ஓட்டுகிற கேபினில் வேலை. மேலே கீற்று. பெஞ்சில் பிலிம் ஒட்டுகிற சிமெண்ட். அது சிமெண்ட் இல்லை, பாட்டிலைத் திறந்தாலே மூக்கில் ஏறுகிற ஒரு திரவம், நெருப்பைக் காட்டினால் குப்பென்று பிடிக்கும். நடுவில் புரொஜெக்டர். அதற்குள் இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி நின்று எரிந்துதான் திரைக்கு வெளிச்சம் கொடுக்கும். எரிந்து எரிந்து குச்சி கட்டையானதும் இடுக்கியால் எடுத்துப்போட்டுவிட்டுப் புதியதைச் சொருக வேண்டும். எடுத்த கட்டை செக்கச்செவேலென்று இருக்கும். அதைப் போடுவதற்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் மணல் நிரப்பி ஆபரேட்டரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“டப்பாவுக்குக் கற்பூரம் காட்டி ஒரு பூவையும் வச்சுடேன்டா.”

“சிரிக்காதீங்கண்ணா. மேல கீத்து இருக்குது.”

“கீத்து இருக்குது, காத்து இருக்குது. நான் இருக்கறேன் இல்ல? இன்னாத்துக்குப் பயம்?”

சொல்லிக்கொண்டே அந்தச் சிவந்த கட்டையை இடுக்கியோடு முகத்துக்கு நேராகத் தூக்கி, அதில் பீடி பற்றவைப்பார். தீப்பெட்டி மிச்சமாம். பற்றவைத்த பிறகு கட்டை சில நாள் டப்பாவுக்குப் போகும். சில நாள் கேபின் சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே போன நாட்களில் நான் ஓடிப்போய் அது எங்கே விழுந்தது என்று தேடி, காலால் மிதித்துவிட்டு வருவேன்.

ஆபரேட்டர் லைசென்ஸுக்கு நானும் எழுதிப்போட வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். லைசென்ஸ் இருந்தால் எந்த ஊர்க் கொட்டகையிலும் வேலை கிடைக்கும். இல்லையென்றால் சாகும் வரை ரீல் சுற்ற வேண்டியதுதான். மெஷினைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்றார். ஆனால் அதிகாரி நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார், அதில் கேபினில் தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கட்டாயம் கேட்பார், இங்கிலீஷில் பதில் சொல்கிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்றார். அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

இடைவேளைக்குப் பிறகு ஓடுகிற ரீலை அவர் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார்.

“புட் அவுட். இது லுங்கி கட்டின வார்த்தை. எல்லாரும் சொல்லலாம். எக்ஸ்டிங்குவிஷ், இது பேன்ட் போட்ட வார்த்தை. ஆபீசர் முன்னாடி அத்த எடுத்து உடு.”

“எஸ்டிங்கிஸ்.”

“நாக்குல இன்னா வச்சிக்கினு கீற? எக்ஸ்... டிங்... குவிஷ்.”

ஸ்டாம்ப் அவுட்டுக்குப் பீடியைக் கீழே போட்டு மிதித்துக் காட்டினார். ஸ்மதருக்கு என் முகத்தை ஒரு சாக்கால் மூடி, “மூச்சு முட்டுதா? தீக்கும் அப்படித்தான் முட்டும்” என்றார். க்வென்ச் தண்ணீர் ஊற்றி அணைப்பது. தாகத்துக்கும் அதே சொல்தான் என்று சொல்லி, சொன்ன கையோடு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். டௌஸும் தண்ணீர்தான், ஆனால் குடம் குடமாக. தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். திரும்பவும் சொல்லச் சொல்வார். சில நாள் படம் முடிந்து கூட்டம் கலையும் வரைகூட விடாமல் சொல்லவைப்பார்.

வீட்டில் வேறு மாதிரி. சாயங்காலம் கொட்டகைக்குக் கிளம்பும் முன் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். சொல்லையும் அதன் அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சரியாக அந்த நேரத்துக்குத்தான் அம்மா சாமி மாடத்தில் விளக்கேற்றுவாள்.

“டேய், வெளக்கு வச்ச நேரத்துல இன்னாடா பேச்சு? அணைக்கிறது அணைக்கிறதுன்னு. குளிர வைக்கிறதுன்னு சொல்லு.”

என் மனைவி அடுப்படியிலிருந்து, “அதான் மாமா இங்கிலீஷ்ல சொல்லிக்கினு இருக்குது அத்தே. வெளக்குக்கு இன்னா இங்கிலீஷ் புரியுமா? உடுங்க” என்றாள்.

“அதுக்குப் புரியுதோ இல்லியோ, எனக்குப் புரியுதே.”

மறுநாள் ஆபரேட்டரிடம் இதைக் கேட்டேன். “அண்ணா, குளிர வைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?”

“அதெல்லாம் உங்க வூட்டு வெளக்குக்குப்பா. வெள்ளக்காரன் வாயாலயே ஊதிட்டுப் போயிக்கினே இருப்பான். புளோ அவுட்.”

“வாயாலயா? வெளக்கையா?”

“பொறந்த நாளும் அதுவுமா ஊதுவான்டா அவன். நீ வேற.”

விண்ணப்பத்தில் இங்கிலீஷில் நிரப்ப வேண்டியதை அவரே நிரப்பி, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அந்த அமாவாசை வந்தது.

அமாவாசை அன்று எங்கள் தெருக்களில் தறி ஓடாது. மாதம் முழுக்கத் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். அதனால் கொட்டகையில் அன்று சாயங்காலம் சீக்கிரமே ஆட்டம். வெளிச்சம் மங்குவதற்கு முன்பே டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகக் கார்பனைப் பற்றவைத்தார். பழைய கட்டை ஒன்று படபடத்தது. எடுத்தார், பீடியைப் பற்றவைத்தார், கட்டையை ஓட்டை வழியாக எறிந்தார். முதலாளி கீழேயிருந்து அவரைக் கூப்பிட்டார். இறங்கிப் போய்விட்டார்.

நான் வழக்கம்போல் கட்டையைத் தேடப் போனேன். தரையில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கேபினை ஒட்டிய கீற்றில் சொருகிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் கருத்து, நடுவில் நீலமாக ஒரு சின்னப் புகை. பிறகு அது சின்னதாக இல்லை.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஆயிரம் தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்த காரியம் என்பதால் கை தானாக வேலை செய்தது. பற்றிய கீற்றை மட்டும் பிய்த்துக் கீழே தள்ளினேன். பிய்க்கும்போது கட்டை வலது உள்ளங்கையோடு சேர்ந்து வந்தது. கீழே கேட்டுக்காரர் சிவப்பு வாளி மணலைக் கொட்டினார். ஈரச் சாக்கை வாங்கி மிச்சத்தை மூடினேன். முன்பக்கம் டிக்கெட்டுக்குக் காத்திருந்த ஜனத்துக்கு விஷயமே தெரியாது. கூரையில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வானம் தெரிந்தது, அவ்வளவுதான். படம் அரை மணி தாமதமாகத் தொடங்கியது. என் கையில் யாரோ ஒரு பாட்டில் நீல இங்க்கை ஊற்றினார்கள். அப்போதெல்லாம் தீக்காயத்துக்கு அதுதான் வைத்தியம்.

ஆபரேட்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ இல்லன்னா எம்பொழப்பு போயிருக்கும்டா” என்றார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. இன்றைக்கும் சொல்வேன், பொய் இல்லை.

கூரை எரிந்த விஷயம் எப்படியோ மேலே போய், விசாரிக்க செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வந்தார். லைசென்ஸ் கொடுக்கிறவரும் அவர்தான் என்று ஆபரேட்டர் காதில் சொன்னார். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதிகாரி மனிதர் நல்லவராகத் தெரிந்தார். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சாதாரணமாக, “எப்படிப்பா பத்துச்சு?” என்றார்.

தமிழில்தான் கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் ஒரு அடி முன்னால் வந்து இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலீஷில் ஒருவன் பேசினால் அதிகாரியும் இங்கிலீஷுக்குப் போய்விட வேண்டியதுதானே, போய்விட்டார். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஓடுகிற தண்ணீரில் கல் தெரிவதுபோல் அங்கங்கே ஒரு சொல் தெரிந்தது. சாண்ட் என்றார். பக்கெட் என்றார். புட் அவுட் என்றார். கடைசியில் என்னைக் கைகாட்டி, அந்தப் பேன்ட் போட்ட சொல்லையே எடுத்துவிட்டார், எக்ஸ்டிங்குவிஷ்ட். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நான் அணைத்ததைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லைசென்ஸுக்கு இவரே சிபாரிசு செய்கிறார் என்று நினைத்தேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அதிலும் எக்ஸ்டிங்குவிஷ் இருந்தது.

“எஸ் சார்” என்றேன்.

இன்னொன்று கேட்டார். அதில் கார்பன் இருந்தது.

“எஸ் சார்.”

ஆபரேட்டர் என்னிடம் மட்டும் தமிழில், ரொம்பவும் அன்பாக, “கையைக் காட்டுப்பா சாருக்கு” என்றார். காட்டினேன். நீலமாகக் கொப்பளித்துக் கிடந்த உள்ளங்கையைப் பரீட்சையில் பாஸான பேப்பர் மாதிரி விரித்துக் காட்டினேன். அதிகாரி பார்த்தார். தலையை அசைத்தார். முகம் ஏன் கடுகடுவென்று ஆனது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று வீட்டுக்குப் போய், “சாரே கையைப் பார்த்தாரு” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ளவர், கட்சிக்காரர், கோபப்பட்டுப் பேசத் தெரியாதவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

“வேலைக்கு வாணாம்பா இனிமே. ஆபீசர் எழுதிட்டாரு. உன் லைசென்ஸ் மனுவும் தள்ளுபடியாம்.”

“இன்னாத்துக்கு மொதலாளி?”

“இன்னாத்துக்கா? நீதானே ஒத்துக்கினே. ஆபரேட்டர் இல்லாத நேரத்துல கார்பனை எடுத்து வெளாடினேன், கைய சுட்டுக்கினு தூக்கிப் போட்டுட்டேன், கூரை பத்திக்கிச்சு, அப்புறம் நானே அணைச்சேன்னு. ஆபீசர் கேக்கக் கேக்க, எஸ் சார் எஸ் சார்னியே. கைய வேற காட்டினே.”

நாற்காலியை விட்டு எழுந்து, “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமே மொதலாளி. பக்கத்துலதானே நின்னீங்க” என்றேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “லைசென்ஸ் அவன்கிட்ட இருக்குதுப்பா. அவனுது போச்சுன்னா கொட்டாய மூடணும். நான் இன்னா பண்றது, நீயே சொல்லு.”

நான் என்ன சொல்வது! அவருக்குக் கொட்டகை. சரி. நான் போனது ஆபரேட்டரைத் தேடி. கேபினில் இல்லை, எதிரில் டீக்கடை பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார்.

“தெரிஞ்சுபோச்சா?” என்றார்.

“ஏண்ணா?”

“உக்காரு. டீ சாப்புடு.”

“டீ வாணாம். ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?”

“டேய், எனக்கு ரெண்டு பொண்ணு கீது. லைசென்ஸை ஒரு தடவை புடுங்கினா திரும்பத் தர மாட்டான். எங்கிட்ட இருக்குது, அதனால போகும். உங்கிட்ட இன்னா இருக்குது, போறதுக்கு? நீ எத்த எழந்துட்ட? சொல்லு.”

பதில் வர எனக்கு எப்போதும் நேரமாகும். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறதோ என்றுகூட அங்கேயே நின்று யோசித்தேன். அப்படி ஒரு புத்தி எனக்கு. நடந்து கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அவர் எனக்குத் தீயை அணைக்கிற சொல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பற்றவைக்கிற சொல் ஒன்றையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அஜாக்கிரதை என்பதற்கு என்ன, இவன்தான் காரணம் என்பதற்கு என்ன, எதுவும் எனக்குத் தெரியாது என்று உலகத்திலேயே சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எனக்குப் புரிகிற சொற்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டு, நடுவில் புரியாததை நுழைத்திருக்கிறார். என் வாயாலேயே எஸ் சார் வரவைத்திருக்கிறார்.

பாடம் நடத்திய நாட்களில் அவர் மனதில் சூது இல்லை. அது எனக்கு நிச்சயம். கட்டை அப்போது கீற்றில் விழவில்லையே. நல்ல மனதோடு கொடுத்ததைத்தான் பிறகு அவர் அப்படிப் பயன்படுத்தினார். முதலிலிருந்தே ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

என் மனைவிதான் விடவில்லை. “அந்தாளுக்குத் தமிழ் தெரியும்ன்றே. நேராப் போயி தமிழ்ல சொல்லு மாமா. லைசென்ஸ் போனா போவுது, பழியை எதுக்கு நீ சொமக்கணும்?” என்றாள். பழியைவிட லைசென்ஸ்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, அவளிடம் சொல்லவில்லை. ரயிலேறி செங்கல்பட்டு போனேன். வாலாஜாபாத் தாண்டும் வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி என்னை மறக்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கட்டை, பீடி, ஓட்டை, கீற்று, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமேப்பா. நான் தமிழ்லதானே கேட்டேன்?”

“அப்புறம் இங்கிலீஷ்ல கேட்டீங்க சார்.”

“புரியலன்னா புரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு எஸ் சார்னே?”

“கொஞ்சம் புரிஞ்சுது சார்” என்றேன்.

அவர், அறிக்கை மேலே போய்விட்டது, இனி மாற்றினால் தான் சரியாக விசாரிக்கவில்லை என்று ஆகும் என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியும்படி அழகான தமிழில் சொன்னார். கதவு வரை வந்து, “கைக்கு மருந்து போடு” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“இன்னா மாமா சொன்னாரு?”

“தமிழ்லதான் பேசினாரு” என்றேன். மறுநாள் காலையில் அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில் இறங்கி உட்கார்ந்தேன். வலது கையில் தோல் இன்னும் சரியாக மூடாததால், பட்டில் கறை படக் கூடாதே என்ற பயத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இழை ஓட்டுகிற நாடாவைத் தொட்டேன்.